பாய் விரித்துத் தந்த வீடுகள்



 

சில மாதங்களுக்கு முன்பு, நெடுங்காலமாக எங்களை ஆதரித்து வரும் ஒரு சபையார் எங்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். "வெளிநாட்டிலிருந்து வருகிற தொண்டர்களை மருத்துவமனை வளாகத்திலேயே ஓர் அறை கொடுத்துத் தங்கவைக்கலாமே? இனயத்தில் மீனவர் வீடுகளில் கொண்டுபோய் விட்டு, அந்த வீடுகளுக்கு மாதாமாதம் பணமும் கொடுக்கிறீர்களே, ஏன்? அந்தப் பணத்திற்கு மருந்து வாங்கலாம் அல்லவா?"

நியாயமான கேள்வி. காணிக்கைப் பணம் எங்கே போகிறது என்று கேட்கிற உரிமை கொடுக்கிறவர்களுக்கு உண்டு. ஒரு வரியில் பதில் எழுதி முடிக்க எங்களுக்கு மனமில்லை. ஆகவே, அயல்நாட்டுத் தொண்டர் ஒருவர் ஒரு வீட்டில் எப்படி நிலைகொள்கிறார், அதற்காக அந்த வீடு என்ன விலை கொடுக்கிறது, அதில் நாங்கள் எங்கே தவறினோம் என்பதை இங்கே விவரமாக எழுதுகிறோம்.

இனயம் எங்கே இருக்கிறது?

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில், கொளச்சலுக்கும் தேங்காப்பட்டணத்துக்கும் இடையில் உள்ள மீனவர் ஊர் இனயம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் தென்னந்தோப்பு, இரண்டுக்கும் நடுவே நெருக்கமாய் வீடுகள். அரபிக்கடல் அலை இங்கே சாதாரண நாளிலும் பலமாய் அடிக்கும். ஆனி, ஆடி மாதங்களில் கரையை அரித்துக்கொண்டு உள்ளே வரும். அலையைத் தடுக்கக் கருங்கற்களைக் கொட்டித் தடுப்புச் சுவர் போட்டிருக்கிறார்கள்.

இங்குள்ளவர்கள் பெரும்பாலும் கத்தோலிக்க மக்கள். ஊரின் காரியங்கள் கோவிலைச் சுற்றியே நடக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்பது இக்கரையோர ஊர்களின் பழைய வழக்கம். பங்குத்தந்தைக்கும் ஊர்க் கமிட்டிக்கும் தெரியாமல் வெளியாள் ஒருவர் இங்கே வந்து தங்க முடியாது. தங்கவும் கூடாது.

வெளியாளை மக்கள் கூர்ந்து பார்ப்பதற்குக் காரணமும் உண்டு. 2016 ஜூலையில் இனயத்தில் ஒரு பெரிய துறைமுகம் அமைக்க மத்திய அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் அளித்தது. வீடும் தொழிலும் போய்விடும் என்று கரையோர மக்கள் ஒன்றுகூடி எதிர்த்தார்கள். துறைமுகம் இங்கே வரவில்லை. ஆனாலும், கையில் கேமராவும் நோட்டுப் புத்தகமும் வைத்துக்கொண்டு கரையில் நடக்கிற புதியவரைப் பார்த்தால், "அளக்க வந்த ஆளா?" என்ற கேள்வி இன்னும் எழும்புகிறது. இரத்த அழுத்தம் பார்க்க வந்த ஒரு இளைஞரிடமே இப்படிக் கேட்டார்கள். அவர் இன்னார் வீட்டில் தங்கியிருக்கிறார் என்று தெரிந்த பிறகுதான் கையை நீட்டினார்கள்.

எங்கள் பதிலின் முதல் பகுதி இதுதான். இந்த ஊரில் ஒருவருக்கு முகவரி கொடுப்பது ஒரு வீடு. மருத்துவமனை அடையாள அட்டை அந்த வேலையைச் செய்வதில்லை.

முன்னே வந்தவர்கள்

இது புதிய காரியம் அல்ல. நம் மாவட்டத்துக்கு வெளிநாட்டிலிருந்து வந்து பயன்பட்டவர்களைத் திரும்பிப் பாருங்கள். ஒவ்வொருவர் பின்னாலும், அவருக்கு இடமும் பாஷையும் கொடுத்த உள்ளூர் மனிதர்கள் நிற்கிறார்கள்.

புனித பிரான்சிஸ் சவேரியார் 1542 மே மாதம் கோவாவில் வந்து இறங்கினார். அவ்வருடமே முத்துக்குளித்துறைக்கு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. தமிழும் போர்த்துக்கீசும் அறிந்த சிலரைக் கூட்டி, அவர்களோடு பல நாள் பாடுபட்டு ஜெபங்களைத் தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் செய்து, கையில் மணியோடு தெருத் தெருவாய் நடந்தார். 1544இன் கடைசியில் திருவிதாங்கூர்க் கடற்கரை ஊர்கள் வழியே வந்தார். ஒரே மாதத்தில் பதினாயிரம் பேருக்கு மேல் திருமுழுக்குக் கொடுத்ததாக அடுத்த ஆண்டு ஜனவரியில் கடிதம் எழுதினார். அந்த எண்ணிக்கையை எல்லாரும் சொல்வார்கள். அவர் வாயில் தமிழை வைத்தவர்களின் பெயர் பலருக்குத் தெரியாது.

அடுத்தவர் ரிங்கல்தௌபே ஐயர். பிரஷியா தேசத்தில் பிறந்து, லண்டன் மிஷனெரி சங்கத்தாரால் அனுப்பப்பட்டவர். 1806 ஏப்ரலில் அவர் மயிலாடிக்கு வந்ததற்குக் காரணம், அவ்வூர் வேதமாணிக்கம் அவரைத் தேடிப்போய் அழைத்ததே. ஐயர் சிறு குடிசை போன்ற வீட்டில், சாமான் ஏதுமின்றி வாழ்ந்தார். சம்பளத்தை ஏழைகளுக்குக் கொடுத்தார். 1816இல் உடல் நலம் குன்றி அவர் புறப்பட்டபோது மேல்கோட்டுகூட இல்லை என்று மிஷன் வரலாறு சொல்கிறது. அவர் போன பின், அடுத்த மிஷனெரிகள் வரும்வரை சபைகளைத் தாங்கியவர் வேதமாணிக்கம். அழைத்தவரும் அவரே, இடம் பண்ணியவரும் அவரே, மிச்சமிருந்த பாரத்தைச் சுமந்தவரும் அவரே.

மூன்றாமவர் டாக்டர் சோமர்வெல். 1922இல் எவரெஸ்ட் மலை ஏறும் குழுவில் வந்த இங்கிலாந்து அறுவை மருத்துவர். மலையிலிருந்து இறங்கி இந்தியாவைச் சுற்றிப் பார்க்கையில், நெய்யூர் மிஷன் மருத்துவமனைக்கு விருந்தாளியாக வந்தார். 1838இல் டாக்டர் ராம்சே தொடங்கிய மருத்துவப் பணி அது. அங்கே நோயாளிகள் வரிசை வரிசையாய்க் காத்திருக்க, ஒரே அறுவை மருத்துவர் ஓய்வின்றி உழைப்பதைக் கண்டார். லண்டனில் தமக்குக் காத்திருந்த உயர்ந்த வாய்ப்பை விட்டுவிட்டு, இந்த நாட்டிலே பல பத்தாண்டுகள் உழைத்தார். எட்டிப் பார்க்க வந்த ஒரு விருந்தாளியின் மனத்தை ஆண்டவர் அங்கே தொட்டார்.

நான்காவதாக, நம் காலத்துக்குக் கிட்டிய ஒருவர்: 1980களில் முட்டத்தில் மீனவர்களோடு சேர்ந்து ஒட்டுப்பலகைப் படகுகள் உருவாக்கிய பெல்ஜியப் பொறியாளர் பியேர் ஜில்லே. அந்த அனுபவத்தை அவர் 1985இல் ஒரு புத்தகமாக எழுதினார். சிறிய காரியம் கடினமானது என்று பொருள்படும் தலைப்பை அதற்கு வைத்தார். படித்தவர் கொண்டுவருகிற நல்ல யோசனையும் கடலில் போகிறவன் கையில் சரிப்பட்டு வர நாளாகும் என்பது இக்கரையில் வேலை செய்த யாருக்கும் தெரியும்.

முதல் வாரங்களில் நடப்பது என்ன?

வேறு நாட்டில் போய்க் குடியேறுகிறவருக்கு மனத்தில் ஏற்படும் தடுமாற்றத்தைப் "பண்பாட்டு அதிர்ச்சி" என்பார்கள். கலெர்வோ ஓபெர்க் என்ற மானிடவியலார் இதை விளக்கி எழுதிய கட்டுரை, 1960இல் மிஷனெரிகள் வாசிக்கும் ஒரு பத்திரிகையில் வெளிவந்தது. அவர் நான்கு கட்டங்களைச் சொன்னார். முதலில் எல்லாம் அழகாய்த் தெரியும். பிறகு எல்லாம் எரிச்சலாய்த் தெரியும். அதன்பின் மெல்லப் பழகும். கடைசியில் அதுவே இயல்பாகிவிடும்.

இனயத்திலும் இதை அப்படியே பார்க்கிறோம். வந்த புதிதில் அலையோசை இனிமை. மூன்றாம் வாரத்தில் அதே அலையோசையால் தூக்கமில்லை. வந்த புதிதில் எல்லாரும் "எங்க போறா மக்ளே?" என்று விசாரிப்பது அன்பு. மூன்றாம் வாரத்தில், "என்னை ஏன் இப்படித் துருவுகிறார்கள்?" என்ற கோபம். அந்தக் கேள்விக்கு விலாவாரியான பதில் தேவையில்லை, "இன்னா அங்க" என்று கையைக் காட்டினால் போதும் என்று ஒருவர் புரிந்துகொள்ளும் நாளில், அவர் பாதி இனயத்துக்காரர் ஆகிவிடுகிறார்.

இந்த இரண்டாம் கட்டத்தில் தனி அறை இருந்தால் தொண்டர் அதற்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொள்கிறார். இப்போது கைப்பேசியும் இருக்கிறது. உடல் இங்கே, மனம் ஊரிலே. வீட்டில் தங்குகிறவருக்கு அந்த வசதி இல்லை. "சோறு ஆறுது" என்று அழைக்க ஓர் அம்மா இருக்கிறார். கையைப் பிடித்து இழுக்க ஒரு குழந்தை இருக்கிறது.

அமெரிக்கரான புருஸ்டர் தம்பதியர் 1980களின் தொடக்கத்தில் மிஷனெரிகளுக்கு ஒரு ஆலோசனை எழுதினார்கள். பிறந்த சிசுவைத் தாயோடு உடனே சேர்த்துவைப்பது போல, புதியவரை முதல் நாளே உள்ளூர்க் குடும்பத்தோடு சேர்த்துவிட வேண்டும் என்றார்கள். நான்கு நிபந்தனைகள் சொன்னார்கள்: உள்ளூர்க் குடும்பத்தோடு தங்குவது, 20 கிலோ சாமானோடு வருவது, ஊரார் போகிற வண்டியிலே போவது, பழகுகிற மனிதர்களிடமே பாஷை கற்பது. பிரசவ வார்டில் வேலை செய்கிற எங்களுக்கு இந்த உவமை உடனே விளங்கியது. தாயின் சூட்டில் இருக்கிற பிள்ளை சீக்கிரம் அமைதியடைகிறது.

நம் ஆண்டவர் எழுபது சீஷரை அனுப்பியபோதும் இதையேதான் கட்டளையிட்டார். ஒரே வீட்டில் தங்கச் சொன்னார், முன்னே வைப்பதைச் சாப்பிடச் சொன்னார், வீட்டுக்கு வீடு மாற வேண்டாம் என்றார். லூக்கா பத்தாம் அதிகாரத்தை இந்த எண்ணத்தோடு ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

"வெள்ளம் வேணுமா?"

தொண்டர்கள் பலர் புத்தகத்தில் தமிழ் படித்துவிட்டு வருகிறார்கள். இனயத்தில் அந்தத் தமிழ் பாதி வழியில் நின்றுவிடும். ஒரு சகோதரியிடம் வீட்டுக்காரம்மா, "வெள்ளம் வேணுமா மக்ளே?" என்று கேட்டார்கள். அந்தப் பெண் பயந்துபோய் வாசலில் வந்து கடலைப் பார்த்தாள். இங்கே வெள்ளம் என்றால் தண்ணீர்! அன்று சிரித்த சிரிப்பில்தான் அந்த வீட்டில் தன்னைச் சேர்த்துக்கொண்டதாக அவள் பிற்பாடு சொன்னாள்.

மரவள்ளிக்கிழங்கு இங்கே மரச்சீனி. தேநீர் சாயா. மரச்சீனியும் மீன் கறியும் ஒரு நேரச் சாப்பாடு. சாளை, அயிலை, நெத்தோலி, சூரை என்று மீன்களின் பெயர் தெரிந்தால் அடுப்படியில் பேச்சு வளரும். யாரை எப்படி அழைப்பது என்பதும் ஒரு பாடம். வீட்டுப் பெரியவர்களைப் பெயர் சொல்லி அழைக்கக் கூடாது. அம்மா, அக்கா, மாமி, அண்ணன், பாட்டி என்று ஒரு முறை சொல்லியே அழைக்க வேண்டும். அப்படி அழைத்துவிட்டால் அந்த உறவுக்குரிய கடமைகளும் வந்துவிடும். அக்கா என்று அழைத்தவள் தண்ணீர்க் குடத்தோடு வரும்போது நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்க முடியாது.

நேரமும் வேறு. வீட்டு ஆண்கள் எப்போது புறப்படுகிறார்கள், எப்போது வருகிறார்கள் என்பதைக் கடலும் வலையும் தீர்மானிக்கின்றன. கட்டுமரமானாலும் வள்ளமானாலும், விடியுமுன் விளக்கு எரிகிற வீட்டில் விருந்தாளி எட்டு மணி வரை தூங்குவது அழகல்ல. பிடித்து வந்த மீன் கரையில் ஏலம் போகிறபோது வீடே அங்கே நிற்கும். மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம். சிறு வள்ளங்களுக்கும் அந்த நாட்களில் கடல் எளிதாய் இடம் கொடுப்பதில்லை. ஆகவே அந்த மாதங்களில் வீட்டில் பணம் குறையும். அந்தச் சமயத்தில் ஒரு வாய் கூடுதலாய் வந்து உட்காருவது சாதாரணமா?

வைத்தியம் பார்க்க வந்தவளுக்கு வைத்தியம்

ஒரு தாதிச் சகோதரியின் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். வயிற்றுப்போக்கால் குழந்தைகள் தளர்ந்துபோகாமல் உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுப்பது எப்படி என்று தாய்மாருக்குக் கற்றுக்கொடுக்க வந்தாள். கொதிக்கவைத்து ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு; தேக்கரண்டியைத் தலைதட்டி அளக்க வேண்டும். படம் எல்லாம் வரைந்து தயாராக வைத்திருந்தாள்.

வந்த ஐந்தாம் நாள் அவளுக்கே வயிற்றுப்போக்கு. எழுந்திருக்க முடியவில்லை. வீட்டுப் பாட்டி, வடித்த கஞ்சித் தண்ணீரில் உப்பைப் போட்டு, "இதக் குடி மக்ளே, ஒரேயடியா குடிக்காத, கொஞ்சம் கொஞ்சமா குடி" என்று இரவு முழுவதும் பக்கத்தில் உட்கார்ந்து ஊட்டினார்கள். உப்பிட்ட அரிசிக் கஞ்சித் தண்ணீர் உடம்பின் நீரிழப்பை ஈடுசெய்யும் என்பதை இன்றைய மருத்துவமும் ஒப்புக்கொள்கிறது. பாட்டி அதை எந்தப் படத்திலும் பார்த்துக் கற்றவர்கள் அல்ல.

குணமான பின் அந்தச் சகோதரி தான் வரைந்த படங்களைத் திருத்தினாள். முதல் படத்தில் ஒரு பாட்டியும் கஞ்சிக் கிண்ணமும் வந்தன. தாய்மார் கூட்டத்தில், "இது உங்களுக்குத் தெரிந்ததுதான், உப்பின் அளவை மட்டும் சேர்ந்து பார்ப்போம்" என்று ஆரம்பித்தாள். அதற்கு முன்பு நாங்கள் நடத்திய கூட்டங்களில் தாய்மார் தலையாட்டிவிட்டுப் போவார்கள். இந்தக் கூட்டத்தில் கேள்வி கேட்டார்கள்.

கொடுக்க வந்தவர் முதலில் வாங்கப் பழக வேண்டும். வளாகத்து அறையில் படுத்திருந்தால் அவளுக்கு நாங்கள் குளுக்கோஸ் ஏற்றியிருப்போம். அவளும் சுகமாகியிருப்பாள். இந்தப் பாடம் மட்டும் கிடைத்திராது.

எங்கள் தவறு

இனி, எழுத வெட்கப்படுகிற ஒரு காரியம். ஆரம்ப நாட்களில் நாங்கள் வீட்டாருக்குப் பணம் எதுவும் கொடுக்கவில்லை. கேட்டால், "பிள்ளைக்குச் சோறு போடுவதற்குக் காசா?" என்று கோபித்துக்கொண்டார்கள். நாங்களும் அதை உபசரிப்பின் மேன்மை என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டோம். உங்களுக்கு அனுப்பிய கடிதம் ஒன்றில் பெருமையாய் எழுதியும் இருக்கிறோம்.

பிறகுதான் தெரிந்தது. ஒரு வீட்டார் வெளிநாட்டுப் பிள்ளை வருகிறது என்று வட்டிக்குக் கடன் வாங்கிக் குளியலறை கட்டியிருந்தார்கள். வீட்டிலிருந்த ஒரே கட்டிலை அந்தப் பிள்ளைக்கு விட்டுக்கொடுத்து, முதுகுவலிக்காரரான வீட்டுக்காரர் பாயில் படுத்திருந்தார். தொண்டர் ஐந்து வாரத்தில் ஊருக்குப் போய்விட்டார். கடன் மூன்று வருடம் அந்த வீட்டில் இருந்தது. அந்த முதுகுவலிக்கு அவர் எங்களிடமே மருந்து வாங்க வந்திருக்கிறார். ஏன் வலி கூடிற்று என்று நாங்கள் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

தேவமனிதனான எலிசாவுக்குச் சூனேமியாள் மேல் வீட்டில் ஒரு சிறு அறை கட்டி, கட்டிலும் மேஜையும் நாற்காலியும் விளக்கும் வைத்தாள். அவள் வசதியுள்ள ஸ்திரீ. அப்படியிருந்தும், உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று எலிசா அவளிடம் கேட்டான். நாங்களோ வசதியில்லாத வீட்டிலே விருந்தாளியை வைத்துவிட்டு, அந்தக் கேள்வியைக் கேட்கத் தவறினோம்.

இப்போது செய்கிற ஏற்பாடுகள்

இதற்குப் பிறகு ஊர்ப் பெரியவர்களோடும் வீட்டுப் பெண்களோடும் உட்கார்ந்து பேசி, சில ஒழுங்குகளை வைத்திருக்கிறோம்.

1. பங்குத்தந்தையும் ஊர்க் கமிட்டியும் அறிந்து சம்மதித்த பின்பே தொண்டரை அழைக்கிறோம். வீட்டைத் தெரிந்தெடுக்கையில் ஆண்களிடம் மட்டும் கேட்டு முடிவு செய்வதில்லை. சமைக்கிறவரும் தண்ணீர் சுமக்கிறவரும் சரி என்று சொல்ல வேண்டும்.

2. மாதாந்திரப் பணத்தை மருத்துவமனையே கொடுக்கிறது. தொண்டர் கையால் கொடுப்பதில்லை. தொண்டர் கொடுத்தால் உறவு கெடும், வாங்குகிறவருக்கும் கூச்சம். தடைக்காலத்திலும் ஆனி, ஆடியிலும் சற்று அதிகமாய்க் கொடுக்கிறோம்.

3. கழிவறை, குளியலறை, கொசுவலை, கட்டில் ஆகியவற்றுக்குத் தொண்டர் வருமுன் நாங்களே உதவுகிறோம். அவர் போன பின் அவை அந்த வீட்டுக்கே சொந்தம்.

4. வெளிநாட்டவரைத் தங்கவைக்கிறவர்கள் 24 மணி நேரத்திற்குள் அரசின் அயல்நாட்டவர் பதிவு அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும். இந்தச் சட்டம் விடுதிகளுக்கு மட்டும் அல்ல, வீடுகளுக்கும் உண்டு. அந்தப் பொறுப்பை வீட்டார் தலையில் வைக்காமல் எங்கள் அலுவலகமே கூட இருந்து முடித்துக் கொடுக்கிறது. தொண்டரின் விசா அவர் செய்யப்போகிற பணிக்கு ஏற்றதா என்பதையும் முன்கூட்டியே பார்க்கிறோம். சுற்றுலா விசாவில் வந்து மாதக்கணக்கில் வேலை செய்ய முடியாது.

5. முதல் மூன்று வாரம் தொண்டருக்கு மருத்துவமனையில் வேலை கொடுப்பதில்லை. வீட்டில் இருப்பதும், பாஷை படிப்பதும், ஊரைத் தெரிந்துகொள்வதுமே வேலை. அந்த நாட்களில் புகைப்படமும் கூடாது.

6. சில வாரங்களே தங்க முடிகிறவர்களை வீடுகளுக்கு அனுப்புவதில்லை. அவர்களுக்கு வளாகத்திலேயே அறை உண்டு. ஒரு குடும்பம் தன் அன்றாடத்தை மாற்றிக்கொள்வதற்கு ஏற்றபடி வருகிறவரும் நாட்களைக் கொடுக்க வேண்டும்.

7. மாதம் ஒருமுறை வீட்டாரைத் தனியே சந்தித்து, "உங்களுக்குக் கஷ்டம் உண்டா?" என்று கேட்கிறோம். வேண்டாம் என்று சொன்னால் அன்றே தொண்டரை மாற்றிவிடுவோம். யார்மேலும் குற்றம் சொல்வதில்லை.

இந்த ஒழுங்குகள் எல்லாம் சேர்ந்து எல்லாரையும் நிலைக்க வைத்துவிட்டன என்று சொல்ல மாட்டோம். பாதியில் திரும்பிப் போனவர்கள் இருக்கிறார்கள். தனிமை இல்லாத வீட்டில் மூச்சு முட்டுகிறது என்று அழுதவர்களும் உண்டு. அவர்களைக் குறைவாய் நினைப்பதில்லை. எல்லாச் செடியும் எல்லா மண்ணிலும் பிடிப்பதில்லை.

காத்திருந்த இரவு

கடைசியாக, இந்தக் கேள்விக்கு எங்களுக்குக் கிடைத்த மிகத் தெளிவான பதிலைச் சொல்கிறோம்.

இக்கரையோரத்து வீடுகளில் இரண்டு நாட்களை யாரும் மறப்பதில்லை. ஒன்று, 2004 டிசம்பர் 26. சுனாமி கொட்டில்பாட்டிலும் கொளச்சலிலும் மணக்குடியிலும் ஏராளமானோரைக் கொண்டுபோனது. மற்றது, 2017 நவம்பர் 30. ஒக்கிப் புயலில் இம்மாவட்டத்திலிருந்து கடலுக்குப் போயிருந்த பலர் திரும்பவே இல்லை. ஆகவே ஒரு வள்ளம் வரத் தாமதமானால், வீட்டில் என்ன பேச்சு நடக்கும் என்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. பேச்சே நடக்காது.

எங்கள் தொண்டர் ஒருத்தி தங்கியிருந்த வீட்டில் அப்படி ஓர் இரவு வந்தது. மாலையில் வர வேண்டிய வள்ளம் வரவில்லை. காற்று மாறிவிட்டது. கைப்பேசியில் பதில் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராய் வந்து உட்கார்ந்தார்கள். ஜெபமாலை சொன்னார்கள். அந்தப் பெண்ணுக்கு அந்த ஜெபம் பழக்கமில்லை. பேசுவதற்குத் தமிழும் போதாது. மருத்துவம் படித்தவள்தான். ஆனாலும் அங்கே செய்வதற்கு ஒன்றுமில்லை. வீட்டுக்காரம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். இடையிலே எழுந்து எல்லாருக்கும் கட்டன் சாயா போட்டுக் கொண்டுவந்தாள். சர்க்கரை அதிகமாகிவிட்டது. யாரும் சொல்லவில்லை.

விடிந்து வெகுநேரம் கழித்து வள்ளம் வந்தது. எஞ்சின் பழுதாகி, நீரோட்டத்தில் இழுபட்டு, வேறொரு படகு கட்டி இழுத்து வந்தார்கள். எல்லாரும் சுகம். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!

அடுத்த வாரம் எங்கள் பெண்கள் மருத்துவ முகாமுக்கு, அதுவரை எத்தனை முறை அழைத்தும் வராத நான்கு பேர் வந்தார்கள். அந்த இரவில் அந்த வீட்டில் உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள். வெளியே சொல்ல வெட்கப்பட்டு வருடங்களாய் மறைத்து வைத்திருந்த வியாதியை ஒரு அம்மா அன்று அவளிடம் சொன்னார்கள். நல்ல வேளையாக, அது சிகிச்சைக்கு உட்பட்ட நிலையில் இருந்தது. "எங்ககூட ராத்திரி முழுக்க இருந்த பிள்ளையல்லவா, அவட்ட சொன்னா என்ன?" என்றார்கள் அந்த அம்மா.

அன்பான ஆதரவாளர்களே, "அந்தப் பணத்திற்கு மருந்து வாங்கலாமே" என்று கேட்டீர்கள். மருந்து எங்கள் அலமாரியில் அதற்கு முன்பும் இருந்தது. அந்த அம்மா அதைத் தேடி வருவதற்கு ஒரு வீடு தேவைப்பட்டது. அந்த வீட்டாரே எங்கள் பணியின் முதல் தொண்டர்கள். அவர்களுக்கு நாங்கள் கொடுப்பது கூலி ஆகாது. அவர்கள் சுமக்கிற பாரத்தில் ஒரு முனையைப் பிடிக்கிறோம், அவ்வளவே.

அந்தப் பெண் ஊருக்குத் திரும்பிய நாளில், வீட்டுக்காரம்மா ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார்கள். கருவாடும் கருப்பட்டியும். விமானத்தில் விடுவார்களோ என்னவோ என்று எங்களுக்குக் கவலை. அம்மாவின் கவலை வேறு. "அங்க போய் யாரு வீட்டுல தங்குவா? தனியாவா இருப்பா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

இந்தக் கேள்வியை உங்களிடமும் விட்டுவிடுகிறோம். உங்கள் தெருவிலும் வேறு மாநிலத்திலிருந்து, வேறு நாட்டிலிருந்து வந்து, தனி அறையில் சமைத்துச் சாப்பிடுகிற ஒரு மாணவரோ தொழிலாளியோ தாதியோ இருக்கக்கூடும். இந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து ஒரு நேரச் சாப்பாட்டுக்கு அவரை அழைத்துப் பாருங்கள்.

எங்களோடு சேர்ந்து ஜெபிக்க வேண்டிய காரியங்கள்:

* தொண்டர்களுக்கு இடம் கொடுக்கிற இனயம் குடும்பங்களுக்காகவும், ஆனி, ஆடிக் கடலில் அவர்கள் பாதுகாப்புக்காகவும்.

* வருகிறவர்கள் தாழ்மையோடு வாங்கிக்கொள்ளக் கற்பதற்காக.

* வீட்டாரின் கஷ்டத்தைக் கேட்காமல் கடந்துபோகாதபடி எங்கள் கண்கள் திறந்திருப்பதற்காக.

 

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் மருத்துவமனை ஊழியர்கள்